மெத்தை வீடு ஸ்டாப்பிங்

எங்கள் பக்கத்தில் பஸ் நிற்கிற இடங்களுக்குப் பலகை கிடையாது. கண்டக்டர் வாய்தான் பலகை. புளியமரம் என்பார், சுமைதாங்கி என்பார், சாராயக்கடை என்றுகூடச் சொல்வார். விழுப்புரத்திலிருந்து வருகிற பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திண்டிவனத்துக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலை வளைகிற இடத்தில் ஒருதரம் நிற்கும். "மெத்தை வீடு எறங்கு" என்று குரல் கொடுப்பார்கள். அந்த மெத்தை வீடு என்னுடையது.

மெத்தை என்றால் எங்கள் ஊரில் மாடி. நீங்கள் தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா.

என் அப்பா கட்டிய வீடு அது. அந்தச் சாலை முழுக்க ஓலையும் நாட்டு ஓடும் இருந்த காலத்தில், கீழே ஒரு கட்டு, மேலே ஒரு கட்டு என்று சுண்ணாம்பில் கட்டினார். மேலே ஏறி நின்றால் நாலு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, உங்கள் பேச்சில் நிலக்கடலைக் காடு, தெரியும். வானம் வெளுப்பாக இருக்கிற நாட்களில் மயிலம் கோயில் கோபுரம் தெரியும். காலையில் குளித்துவிட்டு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெல்ல மண்டிக்குக் கிளம்புவேன். அப்பா பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. என் பெயர் விருத்தாசலம் என்பதும் பலருக்குத் தெரியாது. மெத்தை வீட்டுக்காரர் என்றால் செஞ்சி வரைக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் போடுவார்கள். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நானும் என் சம்சாரம் ராஜாமணியும்தான். அதனால் அந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் பெரிய விஷயம்.

பக்கத்து மனையைத் தாண்டவராயன் வாங்கினான். மல்லாட்டை வியாபாரி, என்னைவிட வயதில் சின்னவன். பார்த்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவான். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொண்டிருப்பேன்.

"அண்ணே, லாட்ஜ் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். மெட்ராஸ் போறவன், பாண்டிச்சேரி போறவன் எல்லாம் ராத்தங்க எடமில்லாம அல்லாடிக்கினு கெடக்கறான். மூணடுக்கு. சிமெண்ட்டுக்குப் பர்மிட்டு வாங்கிட்டேன். நீங்கதான் மொத செங்கல்லு எடுத்து வைக்கணும்" என்றான்.

வைத்தேன். வேறு என்ன செய்வது?

அவன் கட்டடம் ஒவ்வொரு அடுக்காக ஏற ஏற என் வீடு உட்கார்ந்துகொண்டே போனது. முதலில் தெற்குப் பக்கத்துக் காற்று போயிற்று. சாரத்தின் மேல் நிற்கிற ஆட்கள் எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறார்கள் என்று ராஜாமணி விடிவதற்கு முன்னால் குளிக்க ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு காலையில் மாடிக்குப் போய்க் கையைக் கூப்பினேன். எதிரே செங்கல் சுவர். கோபுரம் இருந்த திசையில் ஒருவன் குந்தியபடி பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கூப்பிய கையைப் பார்த்து அவன் பதிலுக்குக் கும்பிட்டான்.

முனிசிபாலிடிக்கு மனு கொடுத்தேன். அங்கே இருந்த குமாஸ்தா, "ஊரு வளர வேணாமாங்க?" என்று கேட்டான். சரி, நாமும் ஓர் அடுக்கு ஏற்றுவோம் என்று மாரியப்பன் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா காலத்தில் எங்கள் மெத்தையைப் போட்டதே அவன் தகப்பன்தான். மாரியப்பன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேணாங்க மொதலாளி. சுண்ணாம்பு செவுரு. கூட ஒரு அடுக்கு ஏத்துனா அப்பிடியே உக்காந்துரும்" என்றான். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டட வேலைக்குப் போனான். அங்கேயும் அவன்தான் மேஸ்திரி.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஆவணி மாதம், விழுப்புரத்தில் வசூலை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் பஸ் நின்றது. புதுக் கண்டக்டர். "மூணடுக்கு எறங்கு, மூணடுக்கு" என்று கத்தினான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். "பெரியவரே, மூணடுக்குக்குத்தான டிக்கெட்டு வாங்கன? எறங்கு ஜல்தி" என்று தோளைத் தட்டினான். மூணடுக்கு அப்போது மூணடுக்காகக்கூட ஆகவில்லை. மேல்தளம் போடவில்லை. வெறும் சுவர். அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். இறங்கி, பஸ் போன பிறகும் வளைவிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவமானத்தால் என்று நினைக்காதீர்கள். கோபம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தாண்டவராயனின் இரண்டாம் தளத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டுத் தண்ணீர் சொட்டியது. அவன் முகம் வாடிப் போய் என்னிடம்தான் வந்தான்.

"அண்ணே, உங்க மெத்தை இத்தினி வருசமா ஒரு பொட்டுக்கூட ஒழுவலயே. என்னதான் போட்டாங்க அதுல?"

நான் உண்மையைச் சொன்னேன். "கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணி. அப்பா சட்டி சட்டியா ஊத்துனாரு."

இது பொய்யில்லை. நீங்கள் மாரியப்பனைக் கேட்கலாம். பழைய சுண்ணாம்பு வேலை முழுக்க அப்படித்தான். வெல்லத் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு நாளாக நாளாகக் கல்லாக இறுகும். மாரியப்பனும் பக்கத்திலேதான் நின்றான். "ஆமாங்க, எங்கப்பன்கூட சொல்லும். நாமதான் சிமெண்ட்டு வந்ததும் அதெல்லாம் உட்டுட்டோம்" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி தாண்டவராயன் முகம் மலர்ந்தது. மேல்தளத்துக்கு அதையே ஊற்றிவிடுவது என்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். நான் முடிவு செய்யவில்லை.

"ஓவர்சியரண்ட ஒரு வார்த்தை கேட்டுறட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

"கேளு. ஆனா படிச்சவரு. வெல்லமான்னு சிரிப்பாரு" என்றேன். அவன் கேட்கவில்லை. சிரிப்புக்குப் பயப்படுகிறவன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் வாக்குமூலம் முழுசாகாது. அதற்கு முந்தைய கோடையில் கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். தண்ணீர் பிடித்து வைக்க என் மண்டியிலிருந்து பீப்பாய்கள் இரவல் வாங்கிப் போனார்கள். வெல்லப் பாகு இருந்த பீப்பாய்கள். சரியாகக் கழுவவில்லை. அந்தத் தண்ணீரில் கலந்த சிமெண்ட் கலவை மறுநாளும் சேறாகவே கிடந்தது. அங்கிருந்த இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் கத்தினார். சர்க்கரைச் சத்து பட்டால் சிமெண்ட் பிடிக்காது, உயிர் போகிற விஷயம், உனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள்.

ஆகவே, சுண்ணாம்புக்கு வெல்லம் எவ்வளவு நல்லதோ, சிமெண்ட்டுக்கு அவ்வளவு கெடுதல் என்று எனக்குத் தெரியும். தாண்டவராயனுக்குத் தெரியாது. மாரியப்பனுக்கும் தெரியாது. தெரிந்ததை எல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்ன?

வெல்லம் நான்தான் அனுப்பினேன். நல்ல வெல்லம், உப்பு கலக்காதது. அண்டை வீட்டுக்காரன் தளம் போடும்போது கையை வீசிக்கொண்டு இருப்பது எங்கள் வழக்கமில்லை. பூசணிக்காய் உடைத்துக் கலவை போட ஆரம்பித்தார்கள். கடுக்காய் வெல்லத் தண்ணீரை முதல் சட்டி என் கையால் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். மிச்சத்தைச் சித்தாள்கள் ஊற்றினார்கள். பொன்னி என்று ஒரு பெண், வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். ஊற்றும்போது விரலை நக்கிப் பார்த்து, "பாயாசம் மாதிரி கீது" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

சில நாட்கள் கழித்து மாரியப்பன் வந்தான். "மொதலாளி, இன்னும் நகம் பதியுதுங்க. எனக்கு பேஜாரா இருக்குது."

"உங்கப்பன் போட்ட மெத்தை மட்டும் ஒடனே காஞ்சிதா? வெல்லம் ஊத்தனா மெதுவாத்தான் இறுவும். பொறு" என்றேன்.

அவன் தகப்பன் பெயரைச் சொன்னதும் அவன் அடங்கிப் போனான். வழக்கத்தைவிட அதிக நாள், தளத்தைக் கீழிருந்து தாங்குகிற முட்டுக்கம்புகளை எடுக்காமல் வைத்திருந்தான். மழை விட்டு வெயில் வந்தது. மேலே வெளுத்து, காய்ந்த மாதிரி தோற்றம் வந்துவிட்டது. நானே சாரத்தில் ஏறிப் போய்ப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது என்னவென்றால், முட்டுக்கம்பைப் பிரிக்கும்போது தளம் கொட்டிவிடும். ஊரில் பேர் கெடும். அப்புறம் அந்த மேல் அடுக்கை யாரும் கட்டத் துணிய மாட்டார்கள். அவ்வளவுதான். உயிர்ச்சேதம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. இதை எழுதிக்கொண்டீர்களா?

முட்டுப் பிரித்த அன்று காலை பொன்னி குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வந்தாள். குடிதண்ணீருக்குத் தினமும் வருவாள். ராஜாமணிக்கு அவள் மேல் பிரியம். ராஜாமணி கையால் கேப்பைக் கூழ் வாங்கிக் குடிக்காமல் பொன்னி போக மாட்டாள். அன்றைக்கு ராஜாமணி, "இருடி, கொஞ்சம் மல்லாட்டை ஒடச்சிக் குடுத்துட்டுப் போவ. நான் மேஸ்திரியண்ட சொல்லிக்கிறேன்" என்றாள். பொன்னியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். "அங்க கம்பு எடுத்து அடுக்க ஆளு வேணும். நீ போம்மா, வேல கெட்டுரும்" என்றேன்.

அவள் எழுந்து போனாள். ராஜாமணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நான் ஒருத்தியை மட்டும் நிறுத்திவைத்தால், நாளைக்கு யாராவது, அன்றைக்கு மட்டும் அவளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கமாட்டார்களா? எதிலும் ஒரு முன்யோசனை வேண்டும்.

முதல் முட்டுக்கம்பைக் கட்டடத்துச் சொந்தக்காரன் கையால் தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாண்டவராயன் புது வேட்டி கட்டிக்கொண்டு, தேங்காய் உடைத்துவிட்டு, தளத்துக்குக் கீழே போய் நின்றான். போவதற்கு முன்னால் என் மாடியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். முதல் கம்பு போனபோது ஒன்றுமில்லை. மாரியப்பன் வெளியே சாரத்தில் நின்றபடி அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். நடு வரிசையை எடுத்தபோது கொஞ்சம் புழுதி விழுந்தது. பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படியில்லை. ஈர மணல் வண்டியைக் கொட்டுகிற மாதிரிதான் இருந்தது. கனம் தாங்காமல் இரண்டாம் தளமும் மேல் சுவர்களும் சேர்ந்து போயின.

தாண்டவராயன், பொன்னி, கம்பு எடுத்த இரண்டு ஆட்கள். பெயர் உங்களிடம் இருக்கும்.

புழுதி அடங்கியபோது மயிலம் கோபுரம் தெரிந்தது. நான் கும்பிட்டேன். வழக்கம் அது, வேறு அர்த்தம் இல்லை.

கலவை சரியில்லை, சிமெண்ட்டைத் திருடிவிட்டான் என்று மாரியப்பனைப் பிடித்துவந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் ஒரு பிடி சிமெண்ட் திருடியவனில்லை. அவன் பெண்டாட்டி என் வாசலில் வந்து தலைவிரித்து அழுதாள். அவனைக் காப்பாற்றத்தான் நானாக நடந்து வந்து இதையெல்லாம் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மனச்சாட்சி உள்ளவன் வேறு என்ன செய்வான்?

நடந்து வந்தேன் என்றது சரியில்லை. பஸ்ஸில்தான் வந்தேன். இன்றைக்கு விழுப்புரம் போய்விட்டு வீட்டுக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். போலீஸுக்கு வரும் எண்ணமே அப்போது இல்லை. வளைவு வந்தது. இனிமேல் என்ன, பழைய பெயரைத்தான் சொல்லியாக வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அதே கண்டக்டர்தான். "இடிஞ்ச மாடி எறங்கு, இடிஞ்ச மாடி" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்கள். என் வீட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் இறங்கவில்லை. அப்படியே உங்கள் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

இடித்தது யார் என்று தெரிந்தால், இனிமேல் அவன் வீட்டைத்தானே அடையாளம் சொல்வார்கள்? விலாசம் கேட்டீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். விருத்தாசலம், மெத்தை வீடு, விழுப்புரம் ரோடு, திண்டிவனம். பேப்பர்காரர்கள் வந்து கேட்டால் அவர்களுக்கும் அதையே சொல்லுங்கள். என் பெயர் விட்டுப்போனாலும் பரவாயில்லை.