சளி பிடிச்ச குரல்

இல்ல தம்பி, சும்மா அளக்கல. உங்க பனியன்ல போட்டிருக்கே மார்பிள் விடோஸ்னு, அந்தப் பாட்டுக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்சது நான்தான். லினெட். படத்துல இடது ஓரமா, முடி குத்துக்கல்லு மாதிரி நிக்குதே, அந்தப் பொண்ணு. சர்க்கரைத் தண்ணி போட்டு நிக்க வைப்போம். வெயில் காலத்துல குளவி துரத்தும். சிரிங்க, பரவாயில்ல.

பாடுனவன் நைஜல் ஆக்ராய்ட். எண்பத்திரெண்டுல, லீட்ஸ்ல, அவன் அம்மாவோட கம்பளி நூல் கடை மாடியிலதான் ஒத்திகை. பேய், கல்லறைன்னுதான் எங்க பாட்டெல்லாம். கீழ நூல் வாங்க வர்றவங்க, மேல யாரைப் புதைக்கிறீங்கன்னு கேப்பாங்க.

முதல் ரெக்கார்டு பத்தி, கல்லறைக்குள்ளேர்ந்து வர்ற குரல்னு பேப்பர்ல எழுதுனாங்கல்ல? அது சளி, தம்பி. நெசமாத்தான். ஸ்டுடியோ ஒரே ஒரு நாள் கிடைச்சுது, அன்னைக்குன்னு பாத்து அவனுக்கு நெஞ்சு பூரா சளி. நெசக் குரல் மெலிசு, சர்ச்சுல பாடுற பசங்க மாதிரி. அன்னைக்கு வாயத் தொறந்தான் பாருங்க, டிரம்ஸ் வாசிக்கிற கீத் பயந்து குச்சியக் கீழ போட்டுட்டான். ரெண்டாவது நிமிஷத்துல கேக்கும். எலும்பு விழுற சத்தம்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க.

பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. சளியும் போயிடுச்சு. மேடையில வேற குரல் வந்தா ஜனம் விடுமா? ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னாடி அவனை நனைய வைப்போம். ஹல் ஊர்ல கொட்டுற மழையில ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே தெருத் தெருவா நடந்தோம், அவனும் நானும். நான் எதுக்கு நனைஞ்சேனா? அட, போங்க தம்பி.

மூணாவது ரெக்கார்டுக்கு லண்டன் கம்பெனிக்காரன், குரல் இன்னும் ஆழமா வேணும்னுட்டான். நவம்பர் மாசம். நைஜல் சட்டையில்லாம கொல்லைப்புறத்துல போய் நின்னான். நிமோனியா. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அங்கேர்ந்தும் எழுந்து போய்ப் பாடுறேன்னு நிக்கிறான். என்னால பொறுக்க முடியல, ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட உண்மையப் போட்டு உடைச்சிட்டேன். ஊரே சிரிச்சுது. கச்சேரியெல்லாம் ரத்து. போய்ப் பாத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, என்னை உசுரோட புதைச்சிட்டியே லினெட்னான். அதோட சரி. முப்பத்தெட்டு வருஷம் பேச்சில்ல.

போன வருஷம், பழைய டேப்பையெல்லாம் சேத்து வெளியிடுறோம், வந்து கேட்டுச் சொல்லுங்கன்னு ரெக்கார்டு கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டாங்க. போனா, அங்க அவன். வழுக்கை, ஸ்வெட்டர் பூரா நாய் முடி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்தோம். டேப்பு ஓடுச்சு. நூல் கடை மாடியில எடுத்த ஒத்திகை, ஸ்டுடியோவுக்கெல்லாம் முந்தி. மெலிசா, சுத்தமா ஒரு குரல். யாரு இவன், நல்லாப் பாடுறானேன்னான். நீதான்டா மடையான்னேன்.

திரும்பப் போடச் சொன்னான். மூணு தடவ. இத ஏன் அப்பவே சொல்லலன்னு என்னைக் கேக்குறான். நாலு வருஷமா சொன்னேன்டா, உனக்குக் காதும் அடைச்சிருந்துச்சுன்னேன். சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட சாஞ்சுட்டான். தூக்கி விட்டேன். கையை விடவேயில்ல.

அதோ கடல். விட்பி வந்தாச்சு. உங்களுக்கு மத்தியானம் வரைக்கும் ஏதாச்சும் வேலை இருக்கா? ஒண்ணுமில்ல, பதினொன்னரைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்கும் நைஜலுக்கும் கல்யாணம். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்ங்கறாங்க. கீத் இருக்கான். இன்னொரு சாட்சி அவன் பொண்டாட்டி, அவளுக்குக் காலையில கால் சுளுக்கிக்கிச்சாம். பஸ் ஏறுனதுலேர்ந்து யாரைக் கேக்கலாம்னுதான் ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு கையெழுத்துதான் தம்பி. முடிஞ்சதும் வறுத்த மீனும் சிப்ஸும் என் செலவு.

வர்றீங்களா? நல்லது. பையை எடுத்துக்கோங்க, இறங்கலாம்.