மல்கா கிள்ளு

கப்பல் வந்தா கரையில கொம்பூதுன காலம் அது. அப்போ இந்த முத்தந்துறையில, யூதர் தெருவுல, மல்கான்னு ஒருத்தி இருந்தாளாம். நமக்கெல்லாம் மூத்த தலைமுறை. நல்ல மனுஷிதான். பொறாமை வந்துட்டா மட்டும் ஆளு மாறிருவா. புருஷன் நிசீம், கயித்து வியாபாரி.

அந்த வருஷம் திருநாளுக்கு நிசீமை மாப்பிள்ளை ஆக்குனாங்க. கட்டுனவனுக்கு மறுபடி என்ன மாப்பிள்ளைக் கோலம்னு கேக்குறீங்களா? தோரான்னா தோல்ல கையால எழுதுன வேதச் சுருளு. வருஷம் பூரா வாசிச்சு, கடைசிப் பகுதிய யாரு வாசிக்கிறாரோ அவருக்குத்தான் தோரா மாப்பிள்ளைன்னு பேரு. சுருளை மாரோட அணைச்சு, ஆடிக்கிட்டே ஏழு சுத்து வரணும்.

மல்காவுக்குச் சுருக்குன்னுச்சு. "இவரு மாப்பிள்ளைன்னா அப்ப நான் யாராம்?"

அந்த நேரம் பாத்து வீட்டுக்குச் சிவப்புப் பட்டு வந்துச்சு. தனக்குத்தான்னு தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டா. தையக்காரர் வந்ததும் கையை விரிச்சு அளவு குடுக்க நின்னா. அவரோ, "உறை தைக்கணும், சுருளு எத்தனை முழ உயரம்னு ஐயா சொன்னாரா அம்மா?"ன்னு கேட்டாராம்.

"பன்னெண்டு வருஷக் குடித்தனம். எனக்கு ஒரு முழம் எடுக்கல. சக்களத்திக்குப் பட்டா?"

அழுதாளாம், பாத்திரத்தை உருட்டுனாளாம். தையக்காரரை அனுப்பிட்டுப் பட்டைப் பொட்டியில போட்டுப் பூட்டிட்டா.

திருநாளும் வந்துச்சு. யூதப்பள்ளியில ஆம்பளைங்க கீழ, பொம்பளைங்க மாடியில. பெட்டகத்தைத் திறந்தா சுருளு பழைய உறையோட நிக்குது. "புதுப்பட்டு எங்கப்பா?"ன்னாரு மூப்பர். எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. மாடியில மல்கா, பட்டை மேலாக்காப் போட்டுக்கிட்டு நிக்கிறா!

"அடியே, அது தோராவுக்கு எடுத்தது! கழட்டு!"ன்னு கத்துனான் நிசீம்.

"மாட்டேன். நான் மூத்தாரம், அவ இளையா. நான் உடுத்திக் களைஞ்சதுதான் அவளுக்கு."

மூப்பர் தாடியை நீவுனாராம். "சுருளு மேல ஒரு தரம் போட்டிருந்தா எடுக்குறது குத்தம். இன்னும் போடலையே! நிசீமு, மூத்தவ சம்மதிக்காம உனக்கு மாப்பிள்ளைப் பட்டம் கிடையாது. கேளு."

நிசீம் மூஞ்சி செத்துப்போச்சு. மாப்பிள்ளைப் பட்டம் வாழ்நாள்ல ஒருதரம் வந்தாலே பெருசு. சபை நடுவுல நின்னு சொன்னானாம்: "மல்கா, உனக்கும் ஒண்ணு எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தப்புதான்."

படியிறங்கி வந்தா. பட்டைக் களைஞ்சு, தன் கையாலயே சுருளுக்குச் சுத்திவிட்டா. சனம் பூரா கண்ணைத் தொடச்சுச்சாம்.

பொறாமை போயிருச்சுன்னா நினைக்கிறீங்க? நிசீம் சுருளை அணைச்சு ஆடிக்கிட்டு வந்தான். எல்லாரும் சுருளைத் தொட்டு விரலுக்கு முத்தம் குடுத்தாங்க. இவ தொட்டா, நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனா. "இன்னிக்கு மட்டுந்தான்டி!"

அதான் இன்னிக்கும் எங்க ஊர்ல மாப்பிள்ளை பொண்டாட்டி ஒரு தரம் உடுத்துன பட்டுதான் தோராவுக்கு உடுப்பு. ஆட்டத்துக்குப் பொம்பளைங்களும் கீழ இறங்கி வருவாங்க; சுருளு கிட்ட வந்தா, ஒரு கிள்ளு கிள்ளிட்டுத்தான் விரலுக்கு முத்தம் குடுப்பாங்க. மல்கா கிள்ளும்பாங்க. கிள்ளுறப்போ யாரும் சுருளைப் பாக்குறதில்ல, அவங்கவங்க புருஷன் மூஞ்சியைத்தான் பாப்பாங்க.