ருசி பார்க்காத உப்பு

"தொட்டித் தண்ணியில உப்பு சரியா இருக்குதான்னு நாக்குல வெச்சிப் பாத்தீங்களா பாவா?"

திருத்தணி மின்சார ரயிலில் எனக்கு எதிரே இருந்த இளைஞன் தன் அக்கா கணவரிடம் கேட்டான். அவர் மடியில் தண்ணீர்ப் பை ஒன்று. அதற்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கடல் மீன்கள்.

"மலை மேல மடப்பள்ளியில சமைக்கிறவன்டா நானு. சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாத்தா எச்சில் ஆயிடும். அதே பழக்கம்தான் இதுக்கும்."

"அப்போ எப்படித்தான் போட்டீங்க?"

"கையளவுலதான். அப்பால உப்பு அளக்குற மீட்டரு வெச்சேன். முள்ளு சரியான எடத்துல நின்னுச்சு."

"மொத தபாவேவா!"

"ஆங். ஆனாலும் மீன் விடல. தண்ணி பக்குவமாவணும் இல்ல? நாப்பது நாளு வெறும் கல்லையும் தண்ணியையும் பாத்துகினு குந்தினிருந்தேன்."

மூன்று முறை ருசி பார்த்தும் ரசத்தில் உப்பைக் கோட்டை விடுகிறவன் நான். அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருத்தணி வந்தது. நைவேத்தியப் பாத்திரத்தை ஏந்துவதுபோல் பையை இரு கைகளாலும் ஏந்தி எழுந்தார்.

"இன்னிக்கி விட்டுடலாமா பாவா? உப்பு சரியா இருக்குமில்ல?"

"அத இதுங்கதான்டா ருசி பாத்து சொல்லணும்."