ரெண்டாவது ஃப்யூஸ்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க சார். காத்து நேரா பட்டா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்.

எங்க பட்டறையில ரெண்டே பேர்தான், நானும் என் தங்கச்சியும். மரம் எதையும் வெட்டறதில்லை. குலை வெட்டினதும் வீசிடற வாழைமட்டையிலேர்ந்து நார் எடுத்து, வேகவெச்சு, மிஷின்ல கூழா அரைச்சு, காகிதமாக்குறது என் வேலை. அதை மடிச்சு, ஊசிநூல் போட்டு, உள்ளங்கை அளவு நோட்டா தைக்கிறது அவ வேலை. பசை ஒரு சொட்டு கிடையாது. வாங்க வர்றவங்க என் தாளைத் தடவிப் பார்த்துட்டு அவ தையலைத்தான் புகழ்வாங்க. எனக்கு அதுல பொறாமையெல்லாம் இல்லை. எழுதிக்கோங்க.

அம்மா போனப்போ அவளுக்கு ஆறு வயசு. நான்தான் ஊட்டி வளர்த்தேன். கல்யாணமே வேண்டாம்னுட்டேன். இதை அவகிட்ட சொல்லிக் காட்டினதே இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

போன வருஷம் வெளியூர்லேர்ந்து ஒரு கடைக்காரம்மா வந்தாங்க. பத்துப் பொண்ணுங்களுக்கு இந்தத் தையலைக் கத்துக்கொடுக்கணும், தங்க இடம் தர்றோம்னாங்க. இவ என் முகத்தைக்கூடப் பார்க்காம சரின்னுட்டா. வெள்ளிக்கிழமை பஸ்.

"மாசம் ஒருதரம் வந்துடுவேன்க்கா. நான் என்ன காணாமலா போகப்போறேன்?"ன்னா.

"போயிட்டு வாடி"ன்னேன். பெட்டியைக்கூட நான்தான் அடுக்கிக் கொடுத்தேன்.

மிஷினைப் பத்திச் சொல்லிடறேன். தொட்டிக்குள்ள இரும்புப் பல்லு வெச்ச உருளை சுத்தும். அதுல நார் சிக்கிக்கிட்டா கையை விட்டுத்தான் பிய்க்கணும். அதனால எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. கை விடறவ முதல்ல ஃப்யூஸைப் பிடுங்கித் தன் பையில போட்டுக்கணும். வேலை முடிஞ்சு அவளேதான் திரும்ப மாட்டணும். ஸ்விட்சை மட்டும் நம்பக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பதினஞ்சு வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

புதன்கிழமை கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொரு ஃப்யூஸ் வாங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும், நார் சிக்கிடுச்சு, கொஞ்சம் எடுத்துக் கொடும்மான்னேன். சிக்க வெச்சது நான். ஊருக்குப் போற அன்னைக்கும் விடமாட்டியான்னு சிரிச்சுக்கிட்டே வந்தா. ஊருக்குப் போறது மறுநாள்தான், அவளுக்கு அவ்வளவு அவசரம். ஃப்யூஸைப் பிடுங்கினா, பையில போட்டா, வலது கையை உள்ள விட்டா. நான் பின்னாடி நின்னு இன்னொண்ணை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். மூணு எண்ணிட்டு நிறுத்திட்டேன். நாலு விரல் போச்சு. கட்டைவிரல் நல்லா இருக்கு.

கரண்ட் வேலை பார்த்தவர்மேல பழி விழுந்துச்சு. நல்ல மனுஷன், பாவம். இப்போ அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடறதில்லையாம்.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும், "அக்கா, ஃப்யூஸ் என் பையிலதானே இருந்துச்சு?"ன்னு கேட்டா. வயரிங் கோளாறும்மான்னேன். அதுக்கப்புறம் எட்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அசதியா இருக்கும்.

ஊட்டறது, தலை வாரறது எல்லாம் நான்தான். இடது கையால எழுத, கையைப் பிடிச்சுச் சொல்லிக்கொடுத்தேன். உங்க மேஜைமேல இருக்கிற புகார் அப்படி எழுதினதுதான். எழுத்துக் கோணலா இருந்தாலும் பிழை ஒண்ணும் இல்லை. அறையில நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்னு எழுதியிருக்கா. உண்மைதான். எல்லாமே உண்மை, கடைசி வரி தவிர. இனிமே அக்காவோட இருக்க மாட்டேன்னு எழுதியிருக்காளே, அது சும்மா கோவம்.

வர்றப்போ பார்த்தேன், வெளிய பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தா. பாட்டில் மூடியை யார் திறந்து கொடுத்தாங்களோ தெரியலை. சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க சார், நான் இல்லாம அவ ரொம்பத் தவிச்சுப் போயிடுவா.