பயந்து நட்ட வேலி

ரொம்பக் காலம் முந்தி, செம்மணல் குன்று குன்றாக நகர்ந்து திரியும் தேரிக்காட்டு ஓரத்தில் குமரன்விளை என்று ஓர் ஊர். அங்கே செல்லக்கனி என்று ஒருத்தி, எங்கள் வம்சத்துக்கு மூத்தவள். பேர் சொல்லி யார் கூப்பிட்டது? ‘பயந்தாங்கொள்ளி’ என்றுதான் கூப்பிட்டார்களாம். முதல் பிள்ளையை மணல்காற்றுக்குப் பறிகொடுத்தவள் பயப்படாமல் என்ன செய்வாள்? இரண்டாவது பிள்ளை அப்போது தொட்டிலில்.

ஆடிக்காற்று மணலை அள்ளி வந்து வீட்டை மூடும். அதைத் தடுக்க வீட்டுக்கு வீடு மேற்கே நொச்சிக்கம்பு ஒடித்து வேலியாக நட்டார்களாம். கம்பு வேர் விடுமுன்னே நீலப் பூங்கதிர் விட்டது. ஊர்த்தலைவர் முத்துமாலைக்கு வாயெல்லாம் பல். பெரிய மீசை, பெரிய துண்டு, மண்டைக்குள்ளே ஒன்றுமில்லை.

“ஒருத்தரும் பூவைத் தொடப்படாது. கோயில் கொடைக்கு வாற பக்கத்து ஊர்க்காரன் பாத்து வயிறெரியணும்” என்றாராம். ஊரும் தலையாட்டியதாம். வேறெதற்கு இருக்கிறது அந்தத் தலை?

பூவுக்குத் தேனீ வந்தது. தொட்டிலைச் சுற்றியது. செல்லக்கனி பயந்தாள். தன் வேலிக் கதிரையெல்லாம் காம்போடு கிள்ளினாள். விட விடக் கிள்ளினாள்.

“ஏட்டி, தேனீக்குப் பயந்து பூவைக் கிள்ளுதியே, சளிக்குப் பயந்து மூக்கையும் அறுப்பியோ?” என்றாராம் தலைவர்.

“ஆமா மாமா, பயம்தான். எம்பிள்ளைய விட்டுட்டு உம்ம மீசையிலயா கொட்டும்?”

கொடைக்கு வந்தவர்கள் பூவேலியைப் பார்த்து வாய் பிளந்தார்களாம். செல்லக்கனியின் மொட்டை வேலியைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

ஆடி வந்தது. காற்று பூவேலியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தது. வேர் இருந்தால்தானே நிற்க! கம்பிலிருந்த சத்தையெல்லாம் பூவே தின்றிருந்தது. மொட்டை வேலியில் அந்தச் சத்து வேருக்குப் போயிருந்தது. அது அசையவில்லை.

தலைவர் வீடு கூரை வரைக்கும் மண். பெண்டு பிள்ளைகளோடு அவர் செல்லக்கனியின் வாசலில் வந்து நின்றாராம்.

“கனி, உள்ள வரட்டுமா தாயி?”

“வாரும் மாமா. துண்ட வெளியிலயே உதறிட்டு வாரும். பிள்ளை கண்ணுல மண்ணு விழும்.”

தலைவர் வீடு புதைந்த இடத்துக்கு இன்றைக்கும் மீசைமேடு என்றுதான் பேர். ஆடுகள் ஏறிப் புழுக்கை போடும். எங்கள் ஊரில் கம்பு நட்டால் கதிரைக் கிள்ளிவிட்டுத்தான் மறுவேலை. கிள்ளியவளிடம், “பயந்து நட்டியா?” என்று கேட்பார்கள்.

“பயந்துதான் நட்டேன்” என்று சொன்னால்தான் தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தருவார்கள்.