உள்ளதைச் சொன்னவர்

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு முன்னால் நின்ற மீனவர், “நான் உண்மையைச் சொன்னதாலதான் இயக்கப் பெடியள் தப்பினவங்கள்” என்றார்.

“அதெப்பிடி அண்ணை?” என்று கேட்டார் கூட வந்தவர்.

“கப்பலில வந்திறங்கின ஆமி, பெடியள் எந்தப் பக்கம் ஓடினவங்கள் எண்டு கேட்டது. பயத்தில, தெற்கால எண்டு உள்ளதைச் சொல்லிப்போட்டன். பொய் சொல்லுறன் எண்டு ரெண்டு அடி போட்டிட்டு, வடக்கால துரத்திக்கொண்டு போனாங்கள்.”

“ஊரில நீங்கள் பொய் சொல்லி ஆமியைப் பேய்க்காட்டினதெண்டெல்லோ கதைக்கினம்.”

“ஓம். சேர்ச் ஃபாதரும் கையைப் பிடிச்சு நன்றி சொன்னவர். என்ர மனிசிதான் இன்னும் என்னோட கதைக்கிறா இல்லை.”

“ஏன்?”

“நான் சொல்லேக்க அவா பக்கத்தில நிண்டவா. ஓடினதில ஒருத்தன் அவாவின்ர தம்பி.”