அணைந்துகிடந்த மெழுகுவத்தி

பொழுது சாய்ந்து, கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறிவருகிற நேரம். சல்னேஸ் பள்ளத்தாக்குச் சாலை... இரண்டு பக்கமும் கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல். ஆள் அரவமே இல்லை. அன்ஷோ தனியாக நடந்து வருகிறான். என் சிநேகிதன் லோயிஸுக்கு அவன் மச்சான். லோயிஸ் புளுகன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்ஷோ தன்னிடம் மட்டும் சொன்ன இதைச் சொல்லும்போது அவன் கோப்பையைத் தொடவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து வருகிறான் அன்ஷோ. போன அறுவடைக்கு வந்திருந்தபோதுதான் அவனுடைய பெரியப்பா மகன் ப்ராயிஸ் நிலவறையில் செத்துக்கிடந்தான்.

உங்களுக்குத் தெரியாததா... திராட்சைச் சாறு மதுவாக நுரைத்துப் பொங்குகிற நாட்களில் நிலவறைக்குள் நச்சுக்காற்று தரையோடு தேங்கும். அதற்குத்தான் கடைசிப் படியில் மெழுகுவத்தி. எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு அணைந்திருந்தது. அன்ஷோ பட்டணத்தில் வளர்ந்தவன். காற்றில் அணைந்தது என்று நினைத்தான். எடுத்து, தன் தீக்குச்சியால் பற்றவைத்து, மேலே ஒரு படியில் வைத்துவிட்டுப் போனான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. ப்ராயிஸ் வாசலிலிருந்து பார்த்தான்... வெளிச்சம் தெரிந்தது. எந்தப் படி என்று யார் எண்ணுவார்கள்? இறங்கிவிட்டான்.

தேடிப் போனபோது முதலில் படியிறங்கியவனும் அன்ஷோதான். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதைச் சத்தமில்லாமல் கடைசிப் படியில் வைத்தான். தானாகவே அணைந்தது. அதற்கப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்தினான்.

ஊர் என்ன பேசும்? ப்ராயிஸ் அணைந்ததைப் பார்த்துக்கொண்டே இறங்கினான், வேண்டுமென்றே செத்தான் என்று பேசியது. அன்று காலையில் அவனுக்கும் அவன் மனைவி சபேலாவுக்கும் சண்டை.

இந்தத் தடவை அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தான் அன்ஷோ. அவள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்தான். பின்னால் நிலவறைக் கதவு திறந்திருந்தது. பொங்குகிற சாற்றின் புளித்த வாடை... கீழே கும்மிருட்டு.

"சூப்பைக் குடி. பட்டணத்துல உன்னைப் பட்டினி போட்டுட்டாங்களா என்ன?" என்றாள் சபேலா. பிறகு கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்ஷோ, நீதானே முதல்ல இறங்குனே. மறைக்காம சொல்லு. மெழுகுவத்தி அணைஞ்சா இருந்துச்சு? அன்னைக்குக் காலைல நான் அவர்கிட்ட, நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதின்னு சொல்லிட்டேன்டா..."

எரிந்தது என்று ஒரு வார்த்தை போதும். அவள் பிழைத்துக்கொள்வாள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தானாம்.

"அணைஞ்சுதான் இருந்துச்சு" என்றான்.

கீழே... சர்ரக். தீக்குச்சி உரசுகிற சத்தம். வெளிச்சம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்... சர்ரக்.

"எலியா இருக்கும்" என்று சபேலா கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் அன்ஷோ சிகரெட்டை வாயில் வைத்துத் தன் தீப்பெட்டியைத் திறந்தான். குச்சிகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட எரிந்திருக்கவில்லை. ஆனால் எல்லாக் குச்சியிலும் மருந்து உரசி உரசித் தேய்ந்து, வெறும் மரம் தெரிந்தது.

சபேலா இன்னும் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மண்டியிட்டு, தான் சொன்ன சொல்லுக்காக அழுகிறாள். அன்ஷோ இன்னும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறான், புதுத் தீப்பெட்டி வாங்குகிறான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால்... அதுவும் தேய்ந்திருக்கிறது.